தேர்வீதியில் இருபத்தெட்டு இரும்புக் கால்கள்

“என்னப்பா, உந்தப் பைப் சுணைக்குது” என்றாள் என் மனைவி மனோ.

காலை எட்டு மணி இருக்கும். சாவகச்சேரியிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு கோயிலின் தெற்கு வீதி. அன்று தேர். கிணற்றடியில் தலை முழுகி, ஈரச் சேலையோடு வந்து, கொட்டகை நிழலில் மடித்துப் போட்டிருந்த ஒரு சாக்கின்மேல் அவள் நின்றிருந்தாள். கொட்டகையைத் தாங்கிய இரும்புக் காலில் கை வைத்தவள், தொட்டால் அரிக்கும் காஞ்சோண்டி இலையைத் தொட்டவள்போல் உடனே எடுத்துவிட்டாள்.

“வெயில் பட்டுச் சுட்டிருக்கும்” என்றேன்.

“சூடு எனக்குத் தெரியாதே? இது சுணைக்குது.”

நான் மறுபடியும் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் இருந்தவன். நான் போட்ட தவறான தலைப்புகள் பல. அவற்றில் ஆகப் பெரியது அந்த ‘வெயில்’தான்.

நேர்த்தி

சென்ற வாரம் காங்கேசன்துறைக் கப்பலில் வாந்தியெடுத்த கதையை எழுதியதும், “உங்கள் மனைவியைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த அத்தியாயம் அவருக்கும் பதிலாகட்டும்.

அந்தத் தேருக்கு முந்திய வருடம் எனக்கு வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. உள்ளே என்னைக் கொண்டுபோன பிறகு, வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த மனோ ஒரு நேர்த்தி வைத்துவிட்டாள். நான் எழுந்து நடந்தால், தேருக்குப் பின்னால் நான்கு வீதியும் அடியழிப்பதாக. என்னிடம் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நானும் இல்லை.

அடியழிப்பு என்பது பெண்கள் செய்வது. ஓர் அடி வைத்து, முழந்தாளிட்டு, நெற்றி மண்ணில் பட விழுந்து, எழுந்து, அடுத்த அடி. ஆண்கள் வெறும் மேலோடு வீதியில் உருளுவார்கள். அதைப் பிரதட்டை என்போம். இருவகையினரும் நீராடிய ஈரம் காயாமல் தொடங்குவார்கள். மணல் சுடக்கூடாதென்று விடிந்ததிலிருந்து பவுசர் வந்து வீதி முழுக்கத் தண்ணீர் அடித்துவிட்டுப் போகும். தேர்வீதியில் ஒருவர் காலிலும் செருப்பு இருக்காது.

ஈர மணல், ஈர உடம்பு, வெறுங்கால், ஆயிரக்கணக்கில் சனம். மின்சாரத்துக்கு இதைவிட வசதியான இடத்தை யாரும் அமைத்துக் கொடுத்துவிட முடியாது. அப்படி எனக்கு அன்றுவரை தோன்றியதேயில்லை.

மனோவின் வலது முழங்காலில் தேய்வு. விழுந்தால், எதையாவது பிடித்துத்தான் எழுவாள். ஊன்றுகோல் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். “கடவுளுக்கு முன்னாலை பொல்லோட போறதே?” என்றாள். ஆகவே முதல்நாளே வந்து பார்த்துவைத்திருந்தாள். தெற்கு வீதியில், சனம் நிழலுக்கு நிற்பதற்காக ஒரு நீளக் கொட்டகை. அதன் இரும்புக் கால்கள் வரிசையாக நின்றன. அவற்றைப் பிடித்து எழலாம். மற்ற மூன்று வீதிக்கும் என் தோள்.

கால்கள் இருபத்தெட்டு. எண்ணியவன் நான்தான். தொழில் போனாலும் பழக்கம் போவதில்லை.

நான்கு வரிச் செய்தி

‘மின்னொழுக்குக் காரணமாகக் குடும்பஸ்தர் பலி.’ இந்தத் தலைப்பை எத்தனை தடவை எழுதினேன் என்பதற்கு மட்டும் என்னிடம் எண்ணிக்கை இல்லை. கீழே நான்கு வரி. பெயர், வயது, எத்தனை பிள்ளைகளின் தந்தை, சடலம் எந்த வைத்தியசாலையில். மாலைக்குள் பக்கம் அச்சுக்குப் போய்விடும்.

எந்த வயர், எங்கே உரசியது, அதை யார் கட்டியது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. மின்னொழுக்கு என்று ஒரு சொல் இருந்தது. கூரை ஒழுகுவதுபோல், அது யாருடைய குற்றமுமில்லை என்ற தொனி அந்தச் சொல்லிலேயே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தலைமுறைக்கு மின்சாரம் இல்லையே என்று கவலைப்படத் தெரியும். இருக்கிறதே என்று பயப்படத் தெரியாது. மின்சாரமே இல்லாத வருடங்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். செய்தி வாசித்து முடியும்வரை கை மாற்றி மாற்றிச் சுற்றுவோம். ஒருவர் களைத்தால் அமைச்சர் பாதி வசனத்தில் மங்கிப் போவார்.

அப்படி இருந்த இடத்துக்கு மின்சாரம் திரும்பி வந்தபோது, நெடுநாள் காணாத விருந்தாளியைப்போல வரவேற்றோம். விருந்தாளியை யாரும் போகச் சொல்வதில்லை. கோயில்களில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சுவாமி வெளியே நிற்கும்போது விளக்கும் மைக்கும் நின்றால் அபசகுனம். பகலென்றாலும் ரியூப் லைற் எரிய வேண்டும்.

தேர் போகும் வழியில் மின்கம்பிகள் குறுக்கிடுவதால் அன்றைக்கு ஊர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அதனால் எல்லாம் ஜெனரேற்றரில்தான் ஓடும். அதையும் நிறுத்தக்கூடாது என்பது கோயிற் சபையின் கண்டிப்பு.

நீலச் செருப்பு

மனோ கையை உதறிக்கொண்டு நின்றபோது, வீதியின் மறுபுறத்தில் ஒரு பெண்ணைக் கண்டேன். நாற்பது வயதுக்குள் இருக்கும். வீதியில் அவர் காலில் மட்டும் செருப்பு. நீல நிற றப்பர்ச் செருப்பு. அதனால்தான் கண்ணில் பட்டார்.

அவர் சுகந்தி. மானிப்பாயைச் சேர்ந்தவர். வயரிங் வேலைக்கு அனுமதிப் பத்திரம் பெற்றவர். தற்காலிக மின்வேலையை ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று அந்த வருடம் சொல்லப்பட்டிருந்ததால், சபை அவரை அழைத்திருந்தது. முதல்நாள் பின்னேரம், நாங்கள் இடம் பார்க்க வந்திருந்த நேரத்தில், ஒவ்வொரு இரும்புக் காலையும் சோதித்து, எல்லாம் சரி என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். காலையில் அவர் வரவேண்டிய அவசியமில்லை. ஏன் வந்தார் என்று பிறகு கேட்டேன். “கையெழுத்து நேற்றையான். வயர் இண்டைக்கும் கிடக்குதெல்லோ” என்றார்.

அவரிடம் நான் போய்ச் சொன்னது ஒரே வசனம். “மனிசி பைப்பைப் பிடிச்சவ, சுணைக்குதாம்.”

“எந்தப் பைப்? அம்மா எங்கை? தொடாமல் நிக்கச் சொல்லுங்கோ.” சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார்.

சட்டைப்பையிலிருந்து டெஸ்டர் ஒன்றை எடுத்து இரும்புக் காலில் வைத்தார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. மறு கையைக் குவித்து நிழல் செய்தார். அந்த நிழலுக்குள், குன்றிமணி அளவில், ஒரு சிவப்பு எரிந்தது.

அடுத்த காலில் வைத்தார். எரிந்தது. அதற்கடுத்ததிலும் எரிந்தது. கால்களை மேலே குறுக்குக் கம்பிகள் இணைத்திருந்தன. இருபத்தெட்டும் ஒரே உடம்பு.

“அம்மா, எதுக்கு மேலை நிக்கிறியள்?” என்று மனோவிடம் கேட்டார்.

“சாக்கு, பிள்ளை. மணல் குளிருது எண்டு போட்டது.”

“காய்ஞ்ச சாக்கு” என்றார் சுகந்தி. எனக்கு விளங்கியது. அந்தச் சாக்கின் தடிப்புத்தான் அவளுக்கும் நான்கு வரிச் செய்திக்கும் நடுவில் இருந்தது.

மனோவைச் சாக்கோடு வீதியின் நடுவுக்கு நகர்த்தினோம். “ஒருத்தரையும் கிட்ட விடாதேங்கோ ஐயா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தண்ணீர்ப்பந்தலுக்குப் பின்னாலிருந்த ஜெனரேற்றரை நோக்கிப் போனார். நான் அங்கே நின்ற இரண்டு தொண்டர்களிடம் காவலை ஒப்படைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். செய்தி எங்கே போகிறதோ அங்கே போகும் கால்.

மூன்று தரம் விழுந்த சுவிட்ச்

வழியில் மாஸ்ரர் மறித்தார். கோயிற் சபையின் செயலாளர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சரிகை வேட்டி, மார்பில் சந்தனம்.

“பிள்ளை, செருப்பைக் கழட்டும். உது சுவாமி வாற வீதி.”

“இப்ப கழட்டேலாது ஐயா. கொட்டகை முழுக்கக் கறண்ட் நிக்குது.”

“நீர் வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சுக்குப் போற ஆள். உமக்கு உந்த முறையள் தெரியாது.”

“எனக்குத் தெரியும் ஐயா. கறண்ட்டுக்குத்தான் தெரியாது.”

மாஸ்ரர் வாய் திறந்தபடி நின்றார். கரும்பலகையில் தான் போட்ட கணக்குப் பிழையென்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால் எப்படி நிற்பாரோ, அப்படி. பிறகு அவரும் எங்கள் பின்னால் வந்தார்.

ஜெனரேற்றருக்குப் பக்கத்தில், ஒலி, ஒளி இரண்டுக்கும் பொறுப்பான குகன் ஒரு கதிரையில் இருந்தார். தோளில் துவாய். முன்னால் பலகையில் சுவிட்சுகள். அவற்றில் ஒன்றுக்கு ட்ரிப் சுவிட்ச் என்று பெயர். மின்சாரம் போகவேண்டிய வழியை விட்டு மண்ணுக்குள் இறங்கினால், கண் இமைக்குமுன் தானாக விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்தச் சுவிட்சின் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்கு ஒரு மஞ்சள் வயர் வளைந்து போயிருந்தது. அரைச் சாண்கூட இல்லை. சுவிட்சைச் சுற்றிப் போக ஒரு குறுக்கு ஒழுங்கை; சுவிட்ச் விழுந்தாலும் மின்சாரம் அந்தச் சந்தால் போய்விடும்.

“உது ஆர் போட்டது, குகன் அண்ணை?”

“நான்தான். பவுசர் தண்ணி அடிச்சுப்போட்டுப் போனதிலிருந்து மூண்டு தரம் விழுந்திட்டுது, தங்கச்சி. சுவிட்ச் பழுது போலை.”

“சுவிட்ச் பழுதில்லை. அது மூண்டு தரமும் உங்களோட கதைச்சிருக்கு.”

“வசந்தமண்டபத்திலை பூசை நடக்குது. இன்னும் கொஞ்சத்திலை சுவாமி தேருக்கு வந்திடும். அந்த நேரம் மைக் நிண்டால் என்னை வீதியாலை கலைச்சுப்போடுவினம். இவர் நிக்கிறார், கேளும்.”

மாஸ்ரர் குனிந்து அந்த மஞ்சள் வயரைப் பார்த்தார்.

சுகந்தி வாதாடவில்லை. “ஒருக்கா வந்து பாருங்கோ, அண்ணை. பேந்து உங்கடை விருப்பம்” என்றார்.

குகன் துவாயை உதறி எழுந்து வந்தார். சுகந்தி மறுபடி டெஸ்டரை வைத்துக் கையைக் குவித்தார். குகன் குனிந்து அந்தக் கை நிழலுக்குள் பார்த்தார். நிமிர்ந்தபோது, எதிரே சாக்கின்மேல் ஈரச் சேலையோடு நின்ற மனோவைக் கண்டார். அவளுக்குப் பின்னால் அதேபோல் நனைந்த பெண்கள். நாற்பது பேருக்கு மேல்.

“ஆர் பிடிச்சது?” என்றார்.

“நான்தான், மோனை” என்றாள் மனோ. “ஒண்டுமில்லை. சுணைச்சது.”

குகன் ஓடினார். பருத்த உடம்பு, அப்படி ஓடுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. சில நொடிகளில் ஜெனரேற்றர் இருமி, இழுத்து, நின்றது.

மைக் நின்ற நேரம்

மந்திரம் பாதிச் சொல்லில் அறுந்தது. கொட்டகை லைற்றுகள் அணைந்தன. காலையிலிருந்து காதை நிறைத்திருந்த இரைச்சல் போனபோதுதான் அப்படியொன்று இருந்தது தெரிந்தது. சனம் முழுவதும் ஒரே பக்கம் தலையைத் திருப்பியது. மாஸ்ரர் கண்களை மூடிக்கொண்டார்.

அந்த மௌனத்துக்குள், கிழக்கு வாசலில் சுவாமி வெளியே வந்தது.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் ‘அரோகரா’ எழுந்தது. ஒலிபெருக்கியில் கேட்கும்போது அது ஒரே குரல். அன்று அது ஆயிரம் தொண்டையாகவே கேட்டது: கட்டைக் குரல், கீச்சுக் குரல், பல்லில்லாத வாய், முலை குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடுக்கிட்டு அழுத அழுகை. பிறகு நாதசுரம், எந்தக் கம்பியிலும் ஏறாமல், காற்றில் நேரே வந்தது. தவிலின் ஒவ்வொரு அடியும் பாதத்துக்குக் கீழே மணலில் தெரிந்தது. எத்தனையோ தேர்களைச் செய்தியாக்கியவன் நான். ‘விண்ணதிர’ என்று கூசாமல் எழுதியவன். அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன். குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.

சுகந்திக்குக் கேட்க நேரமில்லை. கிழக்கு வாசலில் புறப்படும் தேர் முதலில் திரும்புவது தெற்கு வீதிக்குத்தான். கொட்டகையின் ஓரமாக, தலையை அண்ணாந்தபடி, ஒவ்வொரு காலாகப் பார்த்துப் போனார். பத்தொன்பதாவது காலில் நின்றார்.

விடியற்காலையில் யாரோ பக்தியோடு ஒரு குலைவாழையை நிறுத்தி, விழாமல் இருக்கக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பியை, அந்தக் காலோடு போன லைற் வயருக்கும் மேலாகச் சுற்றியிருந்தார்கள். முறுக்கிய முறுக்கில் அது வயரின் தோலை வெட்டி உள்ளே இறங்கியிருந்தது. முதல்நாள் பின்னேரம் அந்த வாழை அங்கே இல்லை. அவரது கையெழுத்துக்கும் காலைக்கும் நடுவில் வந்தது அது.

“உந்த லைனையே கழட்டி விடுவம்” என்றார் சுகந்தி. “பகலிலை ரியூப் லைற் ஆருக்கு?”

“சுவாமிக்கு” என்றார் குகன், யோசிக்காமலே.

இருவரும் மாஸ்ரரைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். சூரியன் தென்னைக்கு மேலே வந்திருந்தது.

“சுவாமிக்கு இந்த வெளிச்சமே காணும்” என்றார். “கழட்டுங்கோ.”

குகன் தன் கையாலேயே கழற்றினார். மஞ்சள் வயரையும் உருவி எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மைக்குக்கு மட்டும் ஜெனரேற்றரை மறுபடி போட்டார். சுகந்தி ட்ரிப் சுவிட்சிலிருந்த சிறு பொத்தானை அழுத்திப் பார்த்தார். எல்லாம் ஒருமுறை நின்றது. சுவிட்ச் வேலை செய்கிறது. திரும்பப் போட்டார்கள். “இனி விழுந்தால் விழட்டும்” என்றார் குகன்.

புறங்கை

ஆனால் இப்போது வேறொரு சிக்கல். ‘கறண்ட் அடிக்குதாம்’ என்ற சொல் வீதிக்குள் போய்விட்டது. கொட்டகையோரம் நின்ற சனம் முழுவதும் மறுபக்கம் ஒதுங்கி, தேர் வரும் வழியில் நெருக்கிக்கொண்டிருந்தது. வடம் பிடிப்பவர்கள் மூலையில் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். தொண்டர்கள், “ஒண்டுமில்லை, உந்தப் பக்கத்தாலை போங்கோ” என்று கத்தினார்கள். யாரும் அசையவில்லை. அடியழிக்க நின்ற பெண்களும் அசையவில்லை. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

சுகந்தி டெஸ்டரோடு இருபத்தெட்டுக் கால்களையும் ஒருமுறை சுற்றி வந்தார். எதிலும் சிவப்பு இல்லை. அதைச் சனத்திடம் எப்படிச் சொல்வது? அந்த வெயிலில், கை நிழலுக்குள் எரியாத ஒரு பொட்டை யாருக்குக் காட்டுவது?

அவர் முதலாவது காலடியில் நின்றார். செருப்பைக் கழற்றினார்.

கீழே விட அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது. வீதியில் செருப்புக் கிடக்கக்கூடாது என்று அவருக்கும் தெரியும். சுற்றிப் பார்த்தார். அருகில் நின்றவர் மாஸ்ரர். அவர் கையை நீட்டி அந்த நீலச் செருப்புகளை வாங்கிக்கொண்டார்.

சுகந்தி ஈர மணலில் வெறுங்காலோடு இறங்கினார். கால் கொஞ்சம் புதைந்தது. புறங்கையால் முதலாவது இரும்புக் காலைத் தட்டினார்; மின்சாரம் இருந்தால் உள்ளங்கை பிடித்த பிடியை விடாது. பிறகு உள்ளங்கையால் முழுவதுமாகப் பற்றி, எல்லாருக்கும் தெரியும்படி ஒரு மூச்சு நேரம் நின்றார். அடுத்தது. அதற்கடுத்தது.

நான் எண்ணிக்கொண்டு கூடவே நடந்தேன். ஏழாவது காலில் சனத்தின் பேச்சு நின்றது. பன்னிரண்டாவதில் ஒரு மனிதர், உடம்பெல்லாம் ஈர மணல் ஒட்டியவர், வந்து அவர் விட்ட காலைத் தானும் தொட்டுப் பார்த்தார். பத்தொன்பதாவதில் சுகந்தி ஒரு கணம் தாமதித்தார். அந்தக் கணத்தை நான் பார்த்தேன். பிறகு பற்றினார். அவருக்குப் பின்னால் சனம் கரைந்து, கொட்டகை நிழலுக்குத் திரும்பியது. இருபத்தெட்டாவதை அவர் விட்டபோது, தேரின் நிழல் எங்கள்மேல் விழுந்தது.

தேர் கடந்தபோது வீதி முழுக்கக் கைகள் தலைக்குமேல் குவிந்தன. மாஸ்ரரின் கைகள் மட்டும் குவியவில்லை. இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்பாக, நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, அவர் தேரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கண்களிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் அவருக்குக் கை இல்லை.

அதன் பின்னால் உருளும் ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். அந்த வரிசையின் ஓரத்தில் மனோ.

அவள் சாக்கை விட்டு இறங்கினாள். ஓர் அடி வைத்தாள். முழந்தாளிட்டாள். நெற்றி ஈர மணலில் பதிந்தது. எழ வேண்டிய நேரம் வந்தது. வலது கை தானாக இரும்புக் காலை நோக்கி நீண்டது. ஒரு விரற்கடைத் தூரத்தில் நின்றது.

பிடித்தாள். எழுந்தாள். நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்து, நான் கேட்காமலே சொன்னாள்:

“பயப்பிடாதேங்கோ அப்பா. இப்ப வெறும் இரும்பு.”